ஒரே வீட்டில் இரண்டு டியூப்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிற சாலையில், கோத்தகிரிக்குச் சற்று முன்பாக வருகிற ஊர் அரவேணு. கேத்தரின் அருவிக்குப் பிரிகிற இடம் என்ற அளவில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பஸ் நிற்குமிடத்தில் ஒரு கடையின் முன்னால் நின்றுகொண்டு போன மார்கழியில் ஒரு விநோதமான வேலை செய்தேன். இரண்டு மாதிரி லேபிள்களைக் கையில் வைத்துக்கொண்டு வருவோர் போவோரிடம் "இதுல எது நல்லாருக்கு?" என்று கேட்பது.

வேலையைக் கொடுத்தது எனக்குத் தங்கை முறையாகும் ஒரு பெண். அவளும் சில பெண்களும் சேர்ந்து தேன்மெழுகில் களிம்பு காய்ச்சுகிறார்கள். பனிக்காலத்தில் இங்கே தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடும். கால் வெடிக்கும், உதடு வெடிக்கும், கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரல்கள் கறை ஏறி வெடிக்கும். அதற்கான களிம்பு. ஒரு லேபிளில் ரோஸ் நிறமும் ஒரு பெண் முகமும். இன்னொன்று வெள்ளை, படமே இல்லை, மெல்லிய ஆங்கில எழுத்து மட்டும். "ஆம்பள பொம்பளன்னு பிரிக்காம போடுறதுதான் இப்ப போகுதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்கண்ணா. நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். எஸ்டேட் வேலை முடிந்து வந்த ஒரு அம்மா வெள்ளை லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குன்னே தெரியலியே தம்பி" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது ஆங்கிலம். ஒரு டெம்போ டிரைவர் ரோஸ் லேபிளைத் தொட்டுக் காட்டி, "இதுன்னா வீட்டுக்குன்னு சொல்லி வாங்கிக்கலாம்" என்று சிரித்தார். தானும் போட்டுக்கொள்வேன் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. 'வீட்டுக்கு' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இந்தியாவில் தோல்பூச்சு வியாபாரத்தின் பாதி வரலாறு அடங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறையின் மேல் பால் அடையாளம் எப்போது ஏறியது, யாரைக் கேட்டு ஏற்றினார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதில் எளிமையானது: "மக்கள் கேட்டார்கள், கொடுத்தோம்." இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதே சமயம், கம்பெனி வருவதற்கு முன்னால் நம்முடைய தோல் பால் பேதமற்ற சொர்க்கத்தில் இருந்தது என்கிற 'மண்வாசனை'ப் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை. மஞ்சளை எடுத்துக்கொள்வோம். உறை கிடையாது, பிராண்டு கிடையாது, ஆனால் அதைவிடக் கறாரான பால் அடையாளம் எந்த டியூபுக்கும் இருந்ததில்லை. முகத்தில் மஞ்சள் பூசினால் பெண். அதிலும் புருஷன் உயிரோடிருக்கிற பெண். அவன் செத்த அன்றே மஞ்சளும் போயிற்று. அவள் தோல் என்ன கேட்டது என்பது அங்கே யாருடைய விசாரிப்பிலும் இல்லை. ஆக, தோல்பூச்சு என்பது நம்மிடம் எப்போதுமே உடம்பின் மேல் எழுதப்படுகிற அந்தஸ்துக் குறியாக இருந்திருக்கிறது. கடைப்பொருள் வந்தபோது குறி எழுதுகிற கைதான் மாறியது.

முதலில் வந்தது சோப்பு. லைஃப்பாய் 1895இல் இந்தியச் சந்தைக்கு வந்தது, லக்ஸ் 1929இல். இரண்டும் லீவர் கம்பெனிச் சரக்கு. ஒன்று சிவப்புக் கட்டி, கார்பாலிக் நெடி, உழைத்து வியர்த்த உடம்பின் அழுக்கு. ஆரோக்கியம் என்பது ஆண்பிள்ளைத்தனமான ஒரு வெற்றி என்கிற விளம்பரம். இன்னொன்று வாசனை, மெல்லிய காகிதம், சினிமா நட்சத்திரம். 1941இல் லீலா சிட்னிஸில் தொடங்கி, நடிகை என்றால் லக்ஸ் என்று ஆகிப்போனது. ரோலாண் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் சலவைத்தூள் பற்றி ஒரு சின்னக் கட்டுரை உண்டு. பெர்சில், ஓமோ என்ற இரண்டு தூள்களும் அழுக்கோடு எப்படி எதிரெதிரான உறவு கொண்டாடுகின்றன என்று விரித்துக்கொண்டே போய், கடைசியில் இரண்டுக்கும் முதலாளி யூனிலீவர்தான் என்று போட்டு உடைப்பார். நம் ஊர்க் குளியலறையில் லைஃப்பாயும் லக்ஸும் அதே கதைதான். நமக்கு ஆணும் பெண்ணுமாகத் தெரிந்தவை கம்பெனிக் கணக்கில் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

ஆனால் இந்தப் பிரிவினைக்கு வெளியே ஒரு பெரிய பரப்பு தொடர்ந்து இருந்துவந்தது. அதன் பெயர் 'மருந்து'. காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, 1936இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த அமிர்தாஞ்சனம் எந்தப் பாலைச் சேர்ந்தது? கச்சேரி கேட்க வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துத்தான் அதைப் பரப்பினார்கள் என்பார்கள். தலைவலிக்குப் பால் பேதம் கிடையாது. 1929இல் கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தா தொடங்கிய போரோலின் பச்சை டியூபில் வந்தது. அதன் மேல் யானைப் படம். சுதேசிக் காலத்துச் சரக்கு, எழுத்தறியாதவனும் யானையைக் காட்டிக் கேட்கலாம். தென்னக ரயில்வேயில் டாக்டராக இருந்த வி.பி.சித்தன், தோல் வியாதியோடு வந்த தொழிலாளர்களுக்காகச் செய்து பார்த்ததிலிருந்து 1969இல் மெடிமிக்ஸ் சோப்பு உருவானது. அதுவும் பச்சைதான். முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டால் கூசுகிற ஆண், புண்ணுக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டால் கூசமாட்டான். களிம்பு அதேதான்.

எங்கள் மலையின் பெயரையே தூக்கிக்கொண்டு அலைகிற நீலகிரித் தைலமும் இந்த வகைதான். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். விறகுக்காகச் சோலையையும் புல்வெளியையும் அழித்துத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். (மரம் செய்த கேடு தனிக்கதை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரத்தின் எண்ணெய்க்கு நாம் 'நீலகிரி' என்று பேர் வைத்து நாட்டு மருந்தாக்கிக்கொண்டது அதைவிட ருசியான தனிக்கதை.) கைக்குழந்தையின் சளிக்கும் கிழவரின் மூட்டுவலிக்கும் அதே பாட்டில். அதன் லேபிளில் ஆண் படமோ பெண் படமோ போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தில் 1962இல்தான் அழகுசாதனப் பொருள்கள் சேர்க்கப்பட்டன. தேய்க்க, ஊற்ற, தூவ, தெளிக்க என்று அங்கே வினைச்சொற்கள் வரிசையாக இருக்கின்றன. பூசிக்கொள்வது 'மனித உடம்பு'. அது ஆணா பெண்ணா என்பது சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. உறையின் மேல் இன்னாருக்கு என்று எழுதச் சொல்லி எந்த அரசாங்கமும் கேட்டதில்லை. அது வியாபாரத்தின் சொந்தச் சரக்கு.

இன்னொரு பரப்பு பவுடர். பாண்ட்ஸ் பவுடர் டப்பாவின் ரோஸ் நிறத்தையும் அதன் பூக்களையும் நினைத்துப் பாருங்கள். இன்றைய டிசைன் பள்ளிக்கூடத்து மாணவர் எவரும் அதைப் 'பெண் உறை' என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ஆனால் தமிழ்நாட்டில் கல்யாண மாப்பிள்ளையிலிருந்து பஸ் கண்டக்டர் வரை, பள்ளிக்கூடம் போகிற பையனிலிருந்து கேரம் போர்டு வரை அத்தனையும் அந்த டப்பாவின் கீழ்தான் இருந்தன. கழுத்தில் திட்டுத்திட்டாகப் பவுடரோடு நிற்கிற ஆண்களின் போட்டோ இல்லாத ஆல்பம் எந்த வீட்டிலாவது உண்டா? உறை பெண்ணாக இருக்கலாம், உபயோகம் அதை மதிக்காமல் போகலாம். குறி எழுதுகிறவன் ஒன்றை நினைக்க, கையாளுகிறவர்கள் வேறொன்றைச் செய்கிறார்கள்.

மூன்றாவது பரப்பு, எனக்குத் தெரிந்து அதிகம் பேசப்படாதது, ஏழ்மை. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்தார். பணக்காரன் உபயோகிப்பதைக் கூலிக்காரனும் ரிக்‌ஷாக்காரனும் உபயோகிக்க வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்தது என்று மகன் சி.கே.ரங்கநாதன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1983இல் ரங்கநாதன் பதினைந்தாயிரம் ரூபாயில் தனியாகத் தொடங்கி, அப்பாவின் பேரிலேயே 'சிக்' ஷாம்பு போட்டார். கிராமங்களில் சிக் விற்ற முறை கவனிக்கத்தக்கது. பள்ளிக்கூடப் பையன் ஒருவனை நிறுத்தி, தலையில் நுரை பொங்கக் கழுவி, கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். 'கருத்துக் கேட்பு' என்று இதைவிட நேரடியான ஒன்று இருக்க முடியாது. ஏன் பையன்? ஊர் நடுவில் ஒரு பெண்ணின் கூந்தலை எவனோ கழுவிக் காட்ட முடியாது என்பது என் ஊகம். இப்படி, பெண்களின் பொருளாகப் பேசப்பட்ட ஒன்று ஒரு பையன் தலையில் நிரூபிக்கப்பட்டது. குடும்பம் முழுக்க அதைத் தேய்த்தது. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் தருகிறோம் என்றும் செய்தார்கள். யார் என்ன தேய்க்கிறார்கள் என்பது குப்பையாகவே திரும்பி வந்துவிட்டது, கேள்வித்தாள் தேவைப்படவில்லை. ஒரு பாக்கெட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிழிந்துகொள்கிற வீட்டில் ஆண் பாக்கெட், பெண் பாக்கெட் என்று இரண்டு வாங்கக் காசு கிடையாது. பால் பேதத்துக்கும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று பரப்புகளையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்ததன் விபரீதம் புரியும்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. ரோஸ் டியூப், கறுப்பிலிருந்து சிவப்பை நோக்கிப் படிப்படியாக வெளுத்துக்கொண்டு போகிற பெண் முகம். ('சிவப்பு' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைத் தமிழறியாதவர்களுக்கு விளக்கிப் பாருங்கள், நம் வியாதி நமக்கே விளங்கும்.) இந்த டியூபை வாங்குகிற வீடுகளில் அண்ணனும் தம்பியும் அதைத் திருட்டுத்தனமாகப் பூசிக்கொண்டார்கள். கம்பெனிகள் வீடுவீடாக ஆளனுப்பிக் கேட்டபோது இது தெரியவந்தது: பெண்களுக்கென்று விற்கிற கிரீமில் கணிசமான பங்கு ஆண்கள் முகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. டெம்போ டிரைவர் சொன்ன 'வீட்டுக்கு' இதுதான்.

இந்தத் தகவல் கையில் கிடைத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டியூபிலிருந்து பெண் முகத்தை எடுத்துவிடுவது. ஆண்களும் பூசுகிறார்கள், ஆகவே யாருடையதும் அல்லாத ஒரு டியூப். இரண்டு, இன்னொரு டியூப் செய்வது. வியாபாரம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2005இல் இமாமி கம்பெனி 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கொண்டுவந்தது. பெண்கள் கிரீமை ஒளித்துப் பூசுகிற ஆணைக் கேலிசெய்வதுதான் அதன் விளம்பரம். மறு வருடமே லீவரும் ஆண்களுக்கென்று ஒரு ஃபேர் அண்ட் லவ்லி போட்டது. நாற்பது வயதைத் தாண்டிய யாரும் இதைச் சாட்சியாகப் பார்த்திருப்போம். ஒரே ஆசை, ஒரே வெளுப்பு, ஒரே அவமானம். வீட்டில் ஒரு டியூப் இருந்த இடத்தில் இரண்டு. கலந்துகிடந்த பழக்கத்தைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்து, அதை வெட்கக்கேடாக்கி, பிறகு அந்த வெட்கத்துக்கு மருந்தும் விற்றார்கள். பால் அடையாளம் இருந்ததால் இரண்டாவது டியூப் வந்தது என்பதைவிட, இரண்டாவது டியூபை விற்பதற்காகப் பால் அடையாளம் இறுக்கப்பட்டது என்பதே சரி.

வேடிக்கை என்னவென்றால், அதே 2005இல் லக்ஸ் தன் இந்திய வாழ்வின் எழுபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாட ஷாருக் கானைப் பூ மிதக்கும் குளியல் தொட்டியில் உட்காரவைத்தது. லைஃப்பாய் அதற்கு மூன்று வருடம் முன்பே, 2002இல், கார்பாலிக் நெடியையும் ஆண்பிள்ளைத்தனத்தையும் கைவிட்டுக் 'குடும்ப ஆரோக்கியம்' என்று மாறியிருந்தது. இதைப் பால் பேதத்திலிருந்து விடுதலை என்று யாராவது சொன்னால், அந்த விளம்பரங்களில் பிள்ளையின் கையைக் கழுவிவிடுகிறவர் யார் என்று கேளுங்கள். 'எல்லோருக்கும்' என்பது பல சமயம் 'அம்மாவின் பொறுப்பில்' என்பதன் மரியாதையான பெயர்.

இதுவரை சொன்னது கம்பெனி கேட்டு மக்கள் சொன்ன கருத்து. கேட்காமலே சொன்ன கருத்துகளும் இருக்கின்றன. அவற்றைச் சந்தை ஆய்வுப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002, 2003இல் ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்களுக்கு எதிராக அரசாங்கத்திடம் போய் மல்லுக்கட்டியது. சில விளம்பரங்கள் நின்றன. சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009இல் கறுப்பும் அழகே என்று இயக்கம் தொடங்கியது. 2013இல் நந்திதா தாஸ் அதில் முகம் கொடுத்தார். 2014இல் விளம்பரத் தர மன்றம், கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்த்திக் காட்டக்கூடாது என்று விதி போட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமே கொந்தளித்த 2020இல்தான் டியூபிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் போயிற்று. புதிய பெயர்: பெண்களுக்கு 'க்ளோ அண்ட் லவ்லி', ஆண்களுக்கு 'க்ளோ அண்ட் ஹேண்ட்சம்'. இந்த இரண்டாவது பெயர் யாருக்குச் சொந்தம் என்று லீவரும் இமாமியும் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டன. இதில் எனக்குப் படுவது இதுதான்: நிறத்தை விட்டுக்கொடுக்க அவர்களால் முடிந்தது. ஆண் பெண் என்ற கோட்டை விட்டுக்கொடுக்க முடியவில்லை. கோர்ட்டுக்குப் போய்க் காப்பாற்ற வேண்டிய சொத்து அதுவாக இருந்தது.

2021 மார்ச்சில் யூனிலீவர் தன் உறைகளிலிருந்து 'நார்மல்' என்ற சொல்லை எடுப்பதாக அறிவித்தது. இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் பத்தாயிரம் பேரைக் கேட்டார்களாம். பத்தில் ஏழு பேர் அந்தச் சொல் கெடுதல் செய்கிறது என்றார்களாம். நல்லது. 'நார்மல் தோல்' என்பது யாருடைய தோல் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் அரவேணு அம்மாவைப் போல உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'இது எதுக்குன்னே தெரியலியே' என்கிறவர்களுக்குக் கட்டம் இருந்திருக்குமா? கருத்துக் கேட்கிறவர்கள் எப்போதும் படிக்கத் தெரிந்தவர்களையே கேட்கிறார்கள்.

இப்போது அந்த வெள்ளை லேபிளுக்கு வருவோம். பால் பேதமற்றது என்று அழைக்கப்படுகிற உறைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு, பழுப்புக் கண்ணாடி, சின்ன ஆங்கில எழுத்து. பெண்ணுக்கு என்று சொல்லப்பட்டவை எல்லாம் கழிக்கப்பட்டிருக்கின்றன: ரோஸ், பூ, முகம், வளைவு. ஆணுக்கு என்று சொல்லப்பட்டவை எவ்வளவு கழிந்திருக்கின்றன? ஏறக்குறைய எதுவும் இல்லை. நடுநிலை என்பது ஆணின் பழைய சட்டையாகவே இருக்கிறது. நம்மிடம் இந்த விவாதம் புதிதல்ல. ஆணும் பெண்ணும் உடையில் பேதமில்லாமல் இருக்க வேண்டும், பெண்கள் கிராப் வெட்டிக்கொண்டு லுங்கியும் சட்டையும் போடலாம் என்று பெரியார் பேசினார். அலங்காரம் என்கிற விலங்கைக் கழற்றுவதற்கு அவர் சொன்ன வழி அது. அதன் கோபம் இன்றும் செல்லுபடியாகும். ஆனாலும் அங்கேயும் இடம்பெயர வேண்டியவள் பெண்தான், சேலை கட்டிப் பார்க்கும்படி ஆணிடம் யாரும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்தக் கணக்கில் சிக்காதவர்களும் உண்டு. 2008இல் தமிழக அரசு நலவாரியம் அமைக்கும் வரை காகிதத்தில் இல்லாதவர்களாக இருந்த திருநங்கைகளில் ஒருவர், 'பெண்களுக்கு' என்று எழுதிய டியூபைத் தன் பெயரில் கடையில் கேட்டு வாங்குவதற்கே அவமானங்களைத் தாண்டி வந்திருப்பார். அவர் கையிலிருக்கிற ரோஸ் டியூபைப் பிடுங்கி வெள்ளை டியூபைக் கொடுத்து 'இதுதான் சமத்துவம்' என்றால் அவர் சிரிக்கமாட்டாரா?

ரோஸ் லேபிளே இருக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முகம் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கிற பெண் இந்த மலையில் கொழுந்து கிள்ளியவள் அல்ல, அவள் விரலில் வெடிப்பு இல்லை. தங்கையிடம் நான் கொண்டுபோய்ச் சொன்னது இவ்வளவுதான்: நாம் 'ஆணா பெண்ணா' என்று கேட்டோம், அவர்கள் 'எதற்கு, எவ்வளவு, எப்படிக் கண்டுபிடிப்பது' என்று பதில் சொன்னார்கள். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப யானை மாதிரி ஏதாவது போடணுங்கிறீங்க" என்றாள். யானை ஏற்கெனவே கல்கத்தாக்காரர்களுக்குச் சொந்தம் என்றேன்.

அவர்கள் கூடிப் பேசி ஒரு வெடித்த குதிகாலை வரைந்திருக்கிறார்கள். அது ஆணின் காலா பெண்ணின் காலா என்று கடைக்காரர் கேட்டாராம். மேலே 'வெடிப்புக் களிம்பு' என்று தமிழில் கொட்டை எழுத்து. காகிதம் பழுப்பு, ஏனென்றால் கோத்தகிரி அச்சகத்தில் அதுதான் மலிவாகக் கிடைத்தது. விலையை எங்கே போடுவது என்பதில் மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை.